‘நிக்காஹ் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்னும் அநீதி



பருவமடைந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு பெண்பிள்ளைக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரவில்லை. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. சில வேளைகளில் நான்கு மாதங்கள்கூட ஆகிவிடுகின்றன. மோவாயில் ரோமம் அரும்புகிறது. முகப்பருக்கள் தழும்புகளாகின்றன. பின்கழுத்து கறுத்துத் தடிக்கிறது. தாய்க்கு இது தெரியும், பாட்டிக்கும் தெரியும். ஆனால் மருத்துவரிடம் செல்லும் பேச்சு எழும்போதெல்லாம் வீட்டில் ஒரே விடை தயாராக இருக்கிறது: “நிக்காஹ் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு பேருக்குத் தெரிந்தால், வருகிற சம்பந்தமும் நின்றுவிடும்.”

இந்த விடையை நாம் வன்மையாக மறுக்கிறோம். திருமணம் ஓர் ஒப்பந்தம், ஒரு வணக்கமும்கூட. அது ஹார்மோன் கோளாறுக்கு மருந்தன்று. ‘பி.சி.ஓ.எஸ்.’ என்றும் ‘பி.சி.ஓ.டி.’ என்றும் ‘நீர்க்கட்டி’ என்றும் அழைக்கப்படும் இந்நோயை வெறும் கல்யாணப் பிரச்சினையாகக் கருதுவதால்தான், நிக்காஹுக்கு முன் அது மறைக்கப்படுகிறது. நிக்காஹுக்குப் பின் அதுவே குற்றப்பத்திரிகை ஆகிறது. இரண்டுக்கும் இடையில் அந்தப் பெண்ணின் உடல்நலத்தைக் கேட்பார் எவருமில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை தமக்கு இது இருப்பதை அறியாமலேயே வாழ்கின்றனர். ஆகவே இது யாரோ ஒரு வீட்டின் இரகசியமன்று. ஒவ்வொரு தெருவிலும் உள்ள செய்தி இது.

பெயரே தவறான வழியைக் காட்டுகிறது

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவர்களான ஸ்டைன், லெவன்தால் ஆகிய இருவரும், மாதவிடாய் நின்றுபோன ஏழு பெண்களின் சினைப்பைகள் பருத்து, சிறு சிறு பைகள் நிறைந்திருந்ததை விவரித்து எழுதினர். அந்தத் தோற்றத்தை வைத்தே பெயரும் நிலைத்தது. தமிழில் அது ‘நீர்க்கட்டி’ ஆயிற்று. கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் பெண் அஞ்சுகிறாள். குடும்பம் அதைவிட அதிகமாக அஞ்சுகிறது.

உண்மையில் அவை கட்டிகள் அல்ல. சினைப்பையில் கருமுட்டைகளைத் தாங்கிய நுண்பைகள் ஒவ்வொரு மாதமும் பல வளரத் தொடங்கும். அவற்றுள் ஒன்று மட்டும் முதிர்ந்து முட்டையை வெளிவிடும். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணின் உடலில் இந்த வளர்ச்சி பாதி வழியில் தடைப்படுகிறது. முதிராமல் நின்றுவிட்ட நுண்பைகளே ஸ்கேன் படத்தில் வரிசையாகத் தெரிகின்றன.

அந்தத் தடைக்கு அடித்தளமாக இருப்பவை இரண்டு. ஒன்று, பெண்ணுடலிலும் இயல்பாகச் சிறிதளவு சுரக்கும் ஆன்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பது. மற்றொன்று, உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காததால், கணையம் அதை மேலும் மேலும் சுரப்பது. மிகுந்துவிட்ட இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆன்ட்ரோஜனை இன்னும் கூட்டுகிறது. மோவாய் ரோமமும், தலைமுடி மெலிவதும், நீங்காத பருக்களும் ஆன்ட்ரோஜனின் வேலை. பின்கழுத்திலும் அக்குளிலும் தோன்றும் கருமை பெரும்பாலும் இன்சுலினின் அடையாளம். அதை அழுக்கென்று கருதிப் பீர்க்கங்கூடு கொண்டு தேய்க்கும் தாய்மார்கள், தம் மகளின் உடல் எழுதியனுப்பிய கடிதத்தைப் படிக்காமலேயே அழிக்கப் பார்க்கிறார்கள்.

‘நீர்க்கட்டியைக் கரைக்கும் சூரணம்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் விற்கப்படும் பொடிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கட்டியே இல்லாதபோது எதைக் கரைப்பது? கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. அதன் பெயரைச் சொல்லி, பரிசோதனையைத் தள்ளிப்போட வைக்கும் வியாபாரத்தையே மறுக்கிறோம்.

நாட்களை எண்ணச் சொன்ன மார்க்கம்

பெண்களின் மாதவிடாயைப் பேசாப்பொருளாக ஆக்கியது நம் ஊர் வழக்கமே அன்றி மார்க்கமன்று. ஃபிக்ஹு நூல்களில் ஹைளு, இஸ்திஹாளா பற்றிய பாடம் தனியாகவே இருக்கிறது. ஓயாத இரத்தப்போக்கால் துன்புற்ற ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் சென்று விளக்கம் கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, வேறோர் இரத்தப்போக்கு என்று நபியவர்கள் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஸஹாபிப் பெண்மணிக்கு இல்லாத கூச்சத்தை நம் மகள்களின் மீது சுமத்துவதற்கு நமக்கு என்ன உரிமை?

மாதவிடாயின் உச்ச அளவு ஷாஃபி மத்ஹபில் 15 நாட்கள். ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள். இரு மாதவிடாய்களுக்கு இடையிலான சுத்தகாலம் குறைந்தது 15 நாட்கள். தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் ஒரு முஸ்லிம் பெண் இந்நாட்களை எண்ணியே ஆகவேண்டும். அதாவது, இந்நோயைக் கண்டறிய மருத்துவர் முதலில் கேட்கும் கணக்கு நம் வீட்டுப் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொழுகையோடு நிறுத்திவிடுவதுதான் குறை.

ரமளானை எடுத்துக்கொள்வோம். முப்பது நோன்பையும் விடாமல் பிடித்த பதினேழு வயதுப் பெண்ணை உறவினர் மெச்சுகிறார்கள். சுழற்சி சற்று நீண்டிருந்தால் ஒரு ரமளான் அப்படி வாய்க்கலாம். அடுத்தடுத்த ரமளான்களிலும் களா நோன்பே இல்லையென்றால், மாத்திரை ஏதும் உட்கொள்ளாதபோதும் மாதவிடாய் வரவில்லையென்றால், பாராட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதேபோல, இருபது நாட்களாகியும் இரத்தம் நிற்காத பெண் எப்போது குளித்துத் தொழுவது என்பதை ஆலிமாவிடம் கேட்டறிகிறாள். அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் அத்தனை நாட்கள் ஏன் இரத்தம் போகிறது என்பதை யார் கேட்பது?

எப்போது ஒழுங்கின்மை என்று கொள்வது?

முதல் மாதவிடாய் வந்த ஓராண்டு வரை ஒழுங்கின்மை இயல்பே. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை, இடைவெளி 21 நாட்களுக்குக் குறைந்தாலோ 45 நாட்களை மீறினாலோ கவனிக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்குப் பின், 21 நாட்களுக்குக் குறைந்தாலோ, 35 நாட்களை மீறினாலோ, ஓர் ஆண்டில் எட்டு தடவைக்கும் குறைவாக வந்தாலோ அது ஒழுங்கின்மை. முதல் ஆண்டு கழிந்த பின் ஒரே ஒரு முறை 90 நாட்களைத் தாண்டினாலும் மருத்துவரைக் காண வேண்டும். 15 வயதாகியும் பருவமடையாத பெண்ணையும் அழைத்துச் செல்ல வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. ஒரு நாட்காட்டியும் பேனாவும் இதற்குப் போதும்.

ஒரு ஸ்கேன் தாள் தீர்ப்பாகாது

மறைப்பது ஒருபுறம் என்றால், அவசரத் தீர்ப்பு மறுபுறம். வயிற்றுவலிக்கென்று ஸ்கேன் எடுத்த பதினைந்து வயதுப் பெண்ணின் அறிக்கையில் ‘பாலிசிஸ்டிக்’ என்ற ஒரு சொல் இருந்துவிட்டால், அவள் ஆயுள் முழுவதற்கும் நோயாளி என்று முத்திரை குத்தப்படுகிறாள். இதுவும் அநீதியே.

2003ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் அடிப்படையாக உள்ளது. மூன்று அடையாளங்கள்: மாதவிடாய் ஒழுங்கின்மை அல்லது முட்டை வெளிவராமை, ரோமம், பரு, முடியிழப்பு ஆகியவற்றிலோ இரத்தப் பரிசோதனையிலோ தெரியும் ஆன்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம். இம்மூன்றில் இரண்டேனும் இருக்க வேண்டும். வேறு நோய்கள் இல்லையென்பதும் உறுதியாக வேண்டும். ஸ்கேன் தோற்றம் மட்டும் இருந்தால் அது பி.சி.ஓ.எஸ். அன்று. அத்தோற்றம் நலமான பெண்கள் பலரிடமும் உண்டு. இளம்பெண்களிடம் மிகச் சாதாரணம்.

2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டு நெறி இதை இன்னும் தெளிவாக்கியது. முதல் மாதவிடாய் வந்து 8 ஆண்டுகள் ஆகும் வரை இந்நோயைக் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது. அவ்வயதினருக்கு ஒழுங்கின்மை, ஆன்ட்ரோஜன் மிகுதி ஆகிய இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், நோயென்று பெயர் சூட்டாமல், அந்தக் குறைக்கு மருத்துவம் செய்து, பின்னர் மீண்டும் ஆராய வேண்டும்.

இதில் நம் தாய்மார்களுக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. “கன்னிப்பெண்ணை உள்வழிப் பரிசோதனைக்கு ஆளாக்குவார்களோ” என்ற அச்சமே பலரை மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறது. முதல் இரண்டு அடையாளங்களும் இருந்தால் நோயைக் கண்டறிய ஸ்கேனே தேவையில்லை. எந்த வயதினருக்கும் இது பொருந்தும். தேவைப்படும் வேளையிலும் மணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேலிருந்தே எடுக்கலாம். வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்கு மாற்றாக ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையையும் புதிய நெறி ஏற்கிறது. ஆகவே முதல் சந்திப்பில் நடப்பது பேச்சு, எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், ஓர் ஊசி இரத்தம். பெண் மருத்துவரையே தேடிச் செல்லுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் வெட்கத்தைக் காரணம் காட்டிச் செல்லாமலேயே இருந்துவிடாதீர்கள்.

வேறு நோய்கள் இல்லையென்று உறுதிசெய்வது சடங்கன்று. தைராய்டு குறைபாடும் புரோலாக்டின் மிகுதியும் இதே போல மாதவிடாயைக் குலைக்கும். இரண்டுக்கும் எளிய இரத்தப் பரிசோதனை உண்டு. பிறவியிலேயே வரும் அட்ரீனல் சுரப்பிக் கோளாறு ஒன்றும் இதே வேடத்தில் வரும். 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். சில மாதங்களுக்குள் ரோமம் வேகமாக வளர்ந்து குரலும் தடித்தால், அது ஹார்மோன் சுரக்கும் கட்டியாக இருக்கக்கூடும். ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. நூல் போட்டும் மெழுகு தடவியும் ரோமத்தை நீக்கிவிட்டுச் செல்லும் பெண், அதைத் தானே சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். உம்ராவுக்காகவோ ரமளானுக்காகவோ மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை உட்கொண்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இல்லையேல் நாட்கணக்கே தவறாகிவிடும்.

பழியை யார் மீது சுமத்துவது?

“தின்று தின்று குண்டானாள், அதனால் வந்தது” என்பது அடுத்த குற்றச்சாட்டு. மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் வரும் வாய்ப்பு கூடுகிறது. எடை கூடினால் நோய் கடுமையாகிறது என்பது உண்மை. அதேவேளை இந்நோயோடு எடையைக் குறைப்பது கடினம் என்பதும் உண்மை. நடை, உடற்பயிற்சி, அளவான உணவு ஆகியவை எடை குறையாவிட்டாலும் பயன் தருபவை. ஆனால் அதற்கு நம் சமூகம் என்ன வழி செய்து கொடுத்திருக்கிறது? ஆண்பிள்ளைக்கு மைதானம் உண்டு. பருவமடைந்த பெண்பிள்ளை நடப்பதற்கு மொட்டைமாடியேனும் உண்டா? விருந்துதோறும் பிரியாணியை அள்ளி வைத்து, ‘சாப்பிடு’ என்று வற்புறுத்திவிட்டு, மறுநாள் அவள் உடம்பைப் பேசுவது என்ன நியாயம்?

இந்நோயின் விளைவு பிள்ளைப்பேற்றோடு முடிவதில்லை. இதைத்தான் ‘நிக்காஹ் முடிந்தால் சரியாகிவிடும்’ என்போர் அறியவே இல்லை. இப்பெண்களுக்கு, மெலிந்தவர்கள் உட்பட, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மிகுதி. நோய் உறுதியானவுடனேயே சர்க்கரைப் பரிசோதனை செய்து, பின்னர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர வேண்டும். மாதக்கணக்கில் மாதவிடாய் வராவிட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். புற்றுநோய் அரிதென்றாலும், அதன் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். அதனால்தான் மருத்துவர்கள் மாத்திரை கொடுத்து உதிரத்தை வரவழைக்கிறார்கள். மனச்சோர்வும் பதற்றமும் இப்பெண்களை அதிகம் பீடிக்கின்றன. இரண்டு குழந்தைகளைப் பெற்றெடுத்துவிட்டாலும் இவை எதுவும் தாமாக நீங்கிவிடா.

நிக்காஹும் நீதியும்

இப்போது சம்பந்தம் பேசும் வீடுகளுக்கு வருவோம். பி.சி.ஓ.எஸ். என்றால் மலடு என்ற எண்ணம் முற்றிலும் தவறானது. இந்நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். பலர் எந்த மருத்துவமும் இன்றியே. முட்டை வெளிவராதவர்களுக்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் முதற்படியாக இருக்கின்றன. ஆகவே இந்நோயைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை மறுப்பவர்கள், சர்க்கரை நோயுள்ள மாப்பிள்ளையின் வீட்டையும் அதே கண்ணால் பார்ப்பார்களா என்று கேட்கிறோம்.

மறைத்து நடத்தப்படும் நிக்காஹின் சுமையையும் அந்தப் பெண்தான் சுமக்கிறாள். மாத்திரையை ஒளித்து வைத்து உண்கிறாள். பிறகு மாத்திரையையே நிறுத்துகிறாள். ஆறு மாதம் கழிந்ததும் “விசேஷம் உண்டா?” என்ற கேள்வி தொடங்குகிறது. ஓராண்டில் உண்மை வெளிப்பட்டு, “ஏமாற்றிவிட்டார்கள்” என்ற பேச்சு எழுகிறது. முன்பே நோய் முறையாகக் கண்டறியப்பட்டு, அதன் பொருள் என்ன, பொருளன்று எது என்பதை இரு வீட்டாரும் அறிந்திருந்தால் இப்பேச்சுக்கே இடமிருக்காது.

குழந்தை தாமதமானால் மருமகளை மட்டும் மருத்துவமனைகள்தோறும் அலையவிடும் வழக்கத்தையும் நாம் கண்டிக்கிறோம். குழந்தையின்மையில் ஆணின் பங்கும் கணிசமானது. ஆணுக்குரிய விந்துப் பரிசோதனை வலியற்றது, எளியது. அதைச் செய்துகொள்ளாமல் மனைவியின் ‘நீர்க்கட்டி’யைக் காட்டி இன்னொரு திருமணத்துக்கோ தலாக்குக்கோ காரணம் தேடும் கணவன், அல்லாஹ்வின் முன்னிலையில் என்ன பதில் சொல்வான்?

நாம் கோருவது

தாய்மார்களே, மகளின் மாதவிடாய் நாட்களை அவளோடு அமர்ந்து எழுதி வையுங்கள். மேலே சொன்ன எல்லையை அது மீறினால் பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். “எந்த இரண்டு அடையாளங்களை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? தைராய்டும் புரோலாக்டினும் பார்த்தாயிற்றா?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

தந்தையரே, செலவு கணக்குப் பார்க்காதீர்கள். வலிமா விருந்தின் ஒரு பந்திக்கு ஆகும் செலவை மகளின் பரிசோதனைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மதரஸாக்களில் ஹைளு பாடம் நடத்தும் ஆலிமாக்களே, தொழுகைச் சட்டத்தோடு இன்னொரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இந்த நாட்கணக்கு தவறினால் மருத்துவரையும் காண வேண்டும் என்று. உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வரி, நூறு துண்டறிக்கைகளைவிட வலிமையானது.

ஜமாஅத் பெரியவர்களே, மணவிலக்கு வழக்கு உங்கள் மேசைக்கு வரும்போது ‘நீர்க்கட்டி’ என்ற சொல்லைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கணவனின் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். பெண்களுக்கென்று நடைப்பயிற்சிக்கு இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுங்கள்.

நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்று நம்பும் சமூகம் நாம். அந்த மருந்தைத் தேடிச் செல்லும் வழியில் நம் மகள்களுக்கு நாமே தடைக்கல்லாக நிற்பது எந்த ஈமானில் சேர்ந்தது? பெண்மக்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தை நலமாகப் பேணுவதே கடமை. குறையை மூடிவைத்து அடுத்த வீட்டில் ஒப்படைப்பது கடமையாகாது.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களுக்குப் பூரண ஆரோக்கியத்தையும், நமக்கு நீதியாக நடக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.